வால்தம்ஸ்டோவில் ஒரு மண்மூட்டைச் சுவர்

சூசைதாசனுக்குப் பயம் என்பது இடைக்கிடை வந்து போகிற காய்ச்சல் மாதிரி இல்லை. அது அவனோடு கூடவே எழும்பி, கூடவே பல் விளக்கி, கூடவே பஸ் ஏறுகிற சாமான். வீட்டைப் பூட்டிக்கொண்டு பஸ் தரிப்பு வரை போனவன், காஸ் அடுப்பை நிற்பாட்டினேனோ என்று திரும்பி வருவான். அடுப்பு நிற்பாட்டித்தான் இருக்கும். வந்த கையோடு ஜன்னல் கொழுக்கிகளையும் ஒருதரம் தட்டிப் பார்த்துவிட்டுப் போவான். அவன் வேலை செய்த பாண் பேக்கரியில் மாப் பிசைகிற மெஷினுக்குப் பக்கத்தில் அவனைத்தான் நிற்க வைப்பார்கள். சூசை நிற்கிற இடத்தில் ஒருத்தனுக்கும் விரல் போகாது என்று சூப்பர்வைசருக்கு அப்படி ஒரு நம்பிக்கை.

அவன் மனைவி றோஸ்மலர் இதற்கு நேர்மாறு. மன்னாரிலிருந்து இரண்டு பேரும் படகில் கடல் கடந்தபோது, படகுக்குள் தண்ணீர் வருகிறதென்று இவன் செபமாலையை உருட்டிக்கொண்டிருக்க, அவள் ஒரு சட்டியால் தண்ணீரை இறைத்தபடியே பக்கத்தில் இருந்த பெண்ணிடம் அவளுடைய சட்டைக்கு யார் கழுத்து வெட்டினது என்று விசாரித்தாளாம். அவள் தையல்காரி. இப்போது லண்டன் வால்தம்ஸ்டோவிலும் ஒரு தையல் தொழிற்சாலையில்தான் வேலை. ஊசிக்கு நூல் கோக்க மற்றவர்கள் வெளிச்சத்தைத் தேடி ஓடும்போது அவள் கதைத்துக்கொண்டே கோத்துவிடுவாள்.

தொண்ணூற்றி இரண்டாம் ஆண்டு கோடையில் சேர்ச்சின் பின்வளவில் ஒரு கொண்டாட்டம் நடந்தது. றோஸ்மலர் ரோல்ஸ் பொரித்துக்கொண்டு போய் மேசை போட்டிருந்தாள். பக்கத்து மேசையில் டெனிஸ் என்கிற வெள்ளைக்காரர் காற்றுத் துவக்கு ஒன்றை வைத்து, தூரத்தில் கட்டிய கடதாசி வட்டத்தைச் சுடச் சொல்லி ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வளவிலுள்ள ஆம்பிளைகள் எல்லாம் வந்து தோளை ஆட்டி, ஒரு கண்ணை மூடி, சுட்டுத் தோற்றுப் போனார்கள். ரோல்ஸ் முடிந்துவிட்டது. சும்மா நின்ற றோஸ்மலர் கையிலிருந்த எண்ணெயை ஏப்ரனில் துடைத்துவிட்டு, "நானும் ஒருக்கா பாக்கட்டோ?" என்று கேட்டாள்.

டெனிஸ் துவக்கைப் பிடிக்கிற விதத்தைக் காட்டிக் கொடுத்தார். அவள் மூச்சை அடக்கினாள். டப். டப். டப். கடதாசியைக் கழற்றிக்கொண்டு வந்து பார்த்தால் துளைகள் எல்லாம் நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. சட்டையில் பொத்தான் வைக்கப் போட்ட துளை மாதிரி அவ்வளவு துப்புரவு. டெனிஸ் அதையும் பார்த்தார், அவளையும் பார்த்தார்.

"எங்கள் கிளப்புக்கு வருவீர்களா? செவ்வாய்க்கிழமைகளில் நிலவறையில் சுடுகிறோம். எங்கள் குழுவுக்கு ஒரு ஆள் குறைகிறது."

"வருவன்," என்றாள் றோஸ்மலர்.

சூசைதாசனும் சிரித்துக்கொண்டு தலையாட்டினான். பகிடிக்குச் சொல்கிறாள், நாளைக்கு மறந்துவிடுவாள் என்று அவன் நினைப்பு.

அவள் மறக்கவில்லை. சில செவ்வாய்க்கிழமைகள் போயின. ஒருநாள் பின்னேரம் அவள் தோளில் நீளமான பை ஒன்றைக் கொழுவிக்கொண்டு வந்தாள். ஏதோ திரைச்சீலைக் கம்பி வாங்கிவந்திருக்கிறாள் என்று நினைத்துச் சூசைதாசன் பையை வாங்கிச் சுவரில் சாத்தினான். பாரமாக இருந்தது.

"என்னது இது?"

"துவக்கு. டெனிஸ் இரவலாத் தந்தவர். வீட்டிலை பழகட்டாம்."

சூசைதாசன் பையிலிருந்து கையை எடுத்த வேகத்தில் பின்னால் இருந்த கதிரை விழுந்தது.

"வீட்டுக்குள்ளை துவக்கோ! இஞ்சேரும், நாங்கள் எதுக்காக நாட்டை விட்டு வந்தனாங்கள் எண்டு நினைவிருக்கோ?"

"நினைவிருக்கு. அந்தத் துவக்குகள் ஆக்களைச் சுட்டது. இது கடதாசியைத்தான் சுடும். இதுக்கு லைசன்ஸும் தேவையில்லையாம். எங்கட வளவுக்குள்ளை, குண்டு வெளியில போகாமல் சுட்டாச் சரியாம்."

"குண்டுக்குச் சொல்லி வச்சிருக்கிறீரோ வெளியில போகாதை எண்டு?"

அதற்கு அவள் சனிக்கிழமை ஒரு பதிலோடு வந்தாள். அவர்களுடைய வளவு நீட்டாக, ஒடுக்கமாக இருக்கும். இடப்பக்கம் வேலிக்கு அங்கால் பத்மநாதன் அண்ணையின் வளவு. யாழ்ப்பாணத்து மனிசன். வேலியோரமாகவே கண்ணாடிக் கொட்டில் ஒன்று அடித்து, அதற்குள் மிளகாயும் பாகலும் போட்டிருந்தார். வலப்பக்கம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் குறுக்கால் போகிற ஒழுங்கை. வளவின் கடைசியில், கார் திருத்துகிற கராஜ் ஒன்றின் பின்சுவர், ஜன்னலே இல்லாமல் உயரமாக நின்றது. றோஸ்மலர் ஷெட்டுக்குள் கிடந்த பழைய கதவு ஒன்றை இழுத்துக்கொண்டு போய் அந்தச் சுவரில் சாத்தி, கடதாசி வட்டத்தைக் குத்தினாள். குசினி வாசலுக்கு வந்து நின்று குறி வைத்தாள்.

சூசைதாசன் குசினி வாசலுக்குப் பக்கத்தில் வாளியை வைத்துவிட்டு உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தான். டப் என்றது. உடனே இன்னொரு சத்தம், டிங் என்று, அவனுடைய காலடியில். குனிந்து பார்த்தான். குண்டு அந்தக் கெட்டிக் கதவில் பட்டுத் தெறித்து, போன வழியாலேயே திரும்பி வந்து வாளியில் விழுந்திருந்தது. வாளியில் ஒரு நெளிவு. அதற்குள்ளே நசுங்கின ஈயத் துண்டு.

அவன் சத்தம் போட்டிருந்தால் றோஸ்மலருக்குச் சுகமாக இருந்திருக்கும். கையிலிருந்த ஈரச் சேர்ட்டை மடித்து வாளிக்குள் வைத்துவிட்டு உள்ளே போய் இருந்துவிட்டான். அவள் துவக்கைப் பைக்குள் போட்டு அலுமாரிக்குள் பூட்டி, திறப்பைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தாள்.

"என்ர பிழைதான். நான் உப்பிடித் தெறிக்கும் எண்டு நினைக்கேல்லை."

"கண்ணிலை பட்டிருந்தா?"

"ஓம்."

"ஒழுங்கையாலை பிள்ளையள் போற நேரம்..."

"ஓம். விளங்குது." அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப இப்பிடிச் செய்வம். நீங்களே ஒரு தடுப்புக் கட்டுங்கோ. இது போதும், இது காணும் எண்டு நீங்கள் சொல்லுற வரைக்கும் நான் வீட்டிலை ஒரு குண்டும் சுடமாட்டன்."

சூசைதாசனுக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. உலகத்தில் எதையாவது பார்த்து அவன் இது காணும் என்று சொன்னதுண்டா? முன்பு வைத்திருந்த பழைய காரைப் பூட்டி, அதற்குமேல் ஸ்டியரிங்குக்குச் சங்கிலி போட்டு, சங்கிலிக்கு இன்னொரு பூட்டுப் போட்டவன் அவன். ஆகவே துவக்குக் கதை இத்தோடு முடிந்தது என்று சந்தோசமாகத் திறப்பைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

ஆனால் முடியவில்லை. ஒரு ஆபத்தைப் பற்றி யோசிக்கச் சொல்லிவிட்டால் அவனால் யோசிக்காமல் இருக்க ஏலாது. பேக்கரியில் பாண் தட்டுகளை இழுக்கும்போதும் அவன் மனதில் குண்டு பறந்துகொண்டே இருந்தது. நேராகப் போனால் எங்கே படும், மேலே போனால் எங்கே போகும், கை நடுங்கி இடப்பக்கம் போனால் பத்மநாதன் அண்ணையின் கண்ணாடி என்ன ஆகும். அடுத்த செவ்வாய்க்கிழமை றோஸ்மலர் கிளப்புக்கு வெளிக்கிடும்போது அவனும் ஜக்கெட்டைப் போட்டான்.

"எங்கை நீங்கள்?"

"சும்மா. ஒண்டைப் பாக்கவேணும்."

நிலவறையில் மற்றவர்கள் எல்லாம் சுடுகிறவர்களைப் பார்க்க, சூசைதாசன் மட்டும் சுடுபடுகிற பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். சுட்டு முடிந்து துவக்குகளைக் கீழே வைத்த பிறகு டெனிஸைப் பிடித்துக்கொண்டான். தெரிந்த ஆங்கிலத்தையும் இரண்டு கைகளையும் சேர்த்துக் கேள்விமேல் கேள்வி. டெனிஸுக்கு ஆச்சரியம். இத்தனை வருஷத்தில் அவருடைய தடுப்பைப் பற்றி ஒருத்தரும் ஒரு கேள்வி கேட்டதில்லை.

"கடினமான எதுவும் குண்டைத் திருப்பி அனுப்பும். கல், செங்கல், தடிப்பான பலகை எல்லாம் அப்படித்தான்," என்று அவர் விளங்கப்படுத்தினார். "குண்டை அடிக்கக் கூடாது, விழுங்க வேண்டும். மண் நல்லது, ஆனால் அதற்குள் ஒரு சிறு கல்லும் இருக்கக் கூடாது. இறுக்கி அடுக்கிய பேப்பர் நல்லது. பழைய கார்ப்பெட் நல்லது. கடைசியில் ஒரு இரும்புத் தகடு வை. நேராக நிறுத்தாதே, மேல்விளிம்பு உன் பக்கம் வர முன்னால் சரித்து வை. தப்பி வருகிற குண்டு கீழே போய் மண்ணுக்குள் விழும்."

"எவ்வளவு பெரிசாகக் கட்டவேண்டும்?"

"தேவை என்று நீ நினைக்கிறதைவிடப் பெரிசாக."

அப்படி ஒரு வசனத்தைச் சூசைதாசன் லண்டனில் வேறெவரிடமும் கேட்டதில்லை. அவனுடைய பாஷை கதைக்கிற ஆள் ஒருவர் கிடைத்துவிட்டார்.

வேலை தொடங்கிற்று. கராஜ்காரன் தன்னிடம் கிடந்த தடித்த இரும்புத் தகடு ஒன்றைக் கொடுத்தான். தடித்த பலகையால், அலுமாரி அளவுக்கு ஒரு பெட்டி அடித்தான் சூசைதாசன். பின்னால் தகட்டைச் சரித்துப் பூட்டி, அடியில் மண் பரப்பி, முன்பக்கம் முழுக்கப் பழைய பேப்பர்களை இறுக்கி இறுக்கி அடைத்தான். ஒரு பேப்பரை இழுத்தால் வரக்கூடாது, அவ்வளவு இறுக்கம். அதற்கு முன்னால் கார்ப்பெட் துண்டுகளைத் திரை மாதிரித் தொங்கவிட்டான். பெட்டி சரி. ஆனால் பெட்டியையே தவறவிட்டுச் சுடுகிற ஆளுக்கு என்ன செய்வது? அதற்குத்தான் மண்மூட்டை.

அரிசிக் கடையில் வெறும் சாக்குகளைக் கேட்டு வாங்கிவந்தான். நைலோன் சாக்குகள் ஒன்றன்மேல் ஒன்று நிற்காமல் வழுக்கின. ஒருநாள் மழையில் அரைவாசிச் சுவர் சரிந்து வளவுக்குள் படுத்துவிட்டது. பிறகு சணல் சாக்குகளாகப் பார்த்துப் பொறுக்கினான். மண்ணை அரிதட்டில் அரித்துக் கல் எடுத்து, சாக்கில் முக்கால்வாசிக்கு நிரப்பி, வாயைத் தைத்து, செங்கல் வைப்பதுபோல மூட்டு மாற்றி அடுக்கினான். ஒவ்வொரு மூட்டையையும் பலகையால் அடித்துத் தட்டையாக்கினான். பெட்டிக்குப் பின்னாலும் இரண்டு பக்கமும் ஒரு ஆள் உயரத்துக்கு மேலே சுவர் எழும்பியது. இரண்டு பக்கச் சுவர்களும் கைகளை நீட்டினதுபோல முன்னுக்கு வந்து நின்றன. மேலே ஒரு பலகைக் கூரை. மழைக்குத் தார்ப்பாய்.

சாக்கு வாய்களைத் தைத்துக் கொடுத்தது றோஸ்மலர்தான். ஒரு பின்னேரம் அவன் மூட்டைகளை அடிப்பதைப் பார்த்தபடி ஊசியை நிறுத்தினாள்.

"நீங்கள் உதை எங்கை பழகினது எண்டு எனக்குத் தெரியும்."

மன்னாரில் வீட்டுக்குப் பின்னால் அவன் வெட்டின பங்கரைத்தான் சொல்கிறாள். ஹெலிகொப்டர் சத்தம் கேட்டால் இரண்டு பேரும் அதற்குள்தான் இறங்குவார்கள். அதன் மூட்டைகளையும் அவன்தான் இப்படி அடித்து அடுக்கினான்.

"அண்டைக்கு நாங்கள் உள்ளுக்கை இருந்தம்," என்றான் சூசைதாசன். "இண்டைக்குக் குண்டு உள்ளுக்கை இருக்கும், நாங்கள் வெளியில நிப்பம். இதுதான் நல்லது."

அவள் சிரித்தாள். அவனும் சிரித்துவிட்டு அடுத்த மூட்டையைத் தூக்கினான்.

இந்தச் சமயத்தில் இன்னொரு விஷயம் நடக்கத் தொடங்கியது. அது சூசைதாசனுக்கு விளங்கவில்லை. பத்மநாதன் அண்ணையின் மனைவி வேதவல்லி அக்கா திடீரென்று புட்டும் மீன்குழம்பும் கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்துவிட்டு, சுகமில்லாத பிள்ளையோடு கதைப்பதுபோல மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, நித்திரை எல்லாம் ஒழுங்கா வருதோ?"

"ஓம் அக்கா. வேலை செய்து களைச்சுப்போய் நல்லா நித்திரை கொள்ளுறன்."

"கனக்க யோசிக்கக் கூடாது, என்ன?"

மறுநாள் பத்மநாதன் அண்ணை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, மூட்டைகளைப் பார்க்காதவர் மாதிரி வானத்தைப் பார்த்துக்கொண்டு, "இந்த நாடு நல்ல அமைதியான நாடு, தம்பி" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். சூசைதாசன் ஓம் என்றான். வேறென்ன சொல்லுவது?

ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ப் பூசை வைக்கிற அருள்நேசன் சுவாமி ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் வீட்டுக்கே வந்துவிட்டார். றோஸ்மலர் மாடியில் இருந்தாள். சுவாமி தேத்தண்ணியும் வேண்டாம் என்று நேரே வளவுக்கு நடந்தார். மண்மூட்டைச் சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அடுக்காமல் கிடந்த மூட்டை ஒன்றில் குந்தி, சூசைதாசனையும் பக்கத்தில் இருக்கச் சொன்னார்.

"சூசை, நல்ல உறுதியாக் கட்டியிருக்கிறாய்."

"இன்னும் முடியேல்லை சுவாமி. மேற்பக்கம்தான் எனக்குக் கொஞ்சம் பயமாக் கிடக்கு."

சுவாமி அவன் தோளில் கை வைத்தார். "மகனே, இஞ்சை மேலாலை போறது எல்லாம் ஹீத்ரோவுக்குப் போற பிளேன்."

"ஓம் சுவாமி. அது தெரியும். ஆனா ஒரே ஒரு குண்டு போதும்தானே."

"இஞ்சை குண்டு விழாது, சூசை."

"விழும் சுவாமி! நான் அதை எல்லாம் கணக்குப் பண்ணித்தான் கட்டினனான். எங்கை விழுந்தாலும் இது தாங்கும்."

சுவாமியின் முகம் இன்னும் கவலையாகிவிட்டது. "சரி. இதுக்குள்ளை எத்தனை பேர் இருக்கலாம்?"

"உள்ளுக்கையோ!" சூசைதாசன் பதறிப்போய் எழும்பினான். "ஐயையோ, உள்ளுக்கை ஒருத்தரும் போகக் கூடாது சுவாமி. சுடேக்கை கிட்டவும் நிக்கக் கூடாது!"

"ஆர் சுடுறது?" என்று சுவாமி மிக மெதுவாகக் கேட்டார்.

"றோஸ்மலர்."

அந்த நேரம் பார்த்துத்தான் றோஸ்மலர் குசினி வாசலில் வந்து நின்றாள், கிளப்புக்குக் கொண்டுபோகவென்று அவனிடம் திறப்பு வாங்கி எடுத்த நீளப் பை தோளில் தொங்க, வாயெல்லாம் சிரிப்பாக. "சுவாமி வந்திருக்கிறாரோ! நல்லதாப் போச்சு, எங்கட தடுப்பைச் செபம் சொல்லி மந்திரிச்சு விடுங்கோ. டெனிஸ் சேர்ச் கொண்டாட்டத்திலை என்னைச் சுடவைச்சதை நீங்களும் பாத்தனீங்கள்தானே?"

சுவாமி அவளைப் பார்த்தார். மூட்டைச் சுவரைப் பார்த்தார். தார்ப்பாயின் கீழே பெட்டியில் குத்தியிருந்த கடதாசி வட்டத்தை அப்போதுதான் கண்டார். முதலில் அவருடைய தோள்தான் குலுங்கியது. பிறகு மூட்டையில் இருக்க ஏலாமல் எழும்பி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"வேதவல்லி அக்கா!" என்று வேலியைப் பார்த்துக் கூப்பிட்டார். "பங்கர் இல்லை! வெளியில வாங்கோ!"

வேலிக்கு அங்கால் ஒளிந்து நின்ற வேதவல்லி அக்கா மெல்லத் தலையைக் காட்டினார். சூசைக்கு மூளை பிசகி, குண்டு விழப்போகிறதென்று நினைத்து வளவுக்குள் பங்கர் கட்டுகிறான், சுவாமிதான் வந்து ஆறுதல் சொல்லவேண்டும் என்று அவர்தான் டெலிபோன் பண்ணியிருக்கிறார். புட்டும் மீன்குழம்பும் அதற்குத்தான். விஷயம் விளங்கினதும் சூசைதாசனுக்கு வெட்கமா சிரிப்பா என்று தெரியவில்லை. இரண்டும் சேர்ந்து வந்தது. கண்ணில் தண்ணீரும் வந்தது. தனக்கு மூளை பிசகிவிட்டதென்று நினைத்தும் பக்கத்து வீடு அவனைக் கண்டு ஒதுங்கவில்லை, மீன்குழம்பு வைத்துக் கொடுத்திருக்கிறது.

"நான் அழுதுபோட்டன் தம்பி, உன்னைப் பாத்து," என்றார் வேதவல்லி அக்கா. பிறகு நெஞ்சில் கை வைத்து ஆறுதலாக மூச்சு விட்டார். விட்ட மூச்சு முடிய முந்தியே முகம் மாறியது. "பொறு. அப்ப துவக்கு மெய்தானோ? என்ர கொட்டிலிலை எவ்வளவு கண்ணாடி கிடக்குத் தெரியுமோ!"

"அதுக்குத்தானே அக்கா இவ்வளவும்," என்றான் சூசைதாசன். ஆனால் வாயால் சொன்னதை அவர் நம்பவில்லை. சும்மா நம்புகிற ஆளாக இருந்தால் அவனுக்கும் பிடித்திருக்காது. ஆகவே வருகிற சனிக்கிழமை, எல்லோருக்கும் முன்னால் பரிசோதனை என்று முடிவாயிற்று.

சனிக்கிழமை டெனிஸ் எல்லோருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி கொண்டுவந்தார். பரிசோதனைக்கு வழி சொன்னதும் அவர்தான். வெள்ளைப் படுக்கை விரிப்புகளைத் தடுப்பின் இரண்டு பக்கச் சுவர்களுக்கும் வெளிப்புறத்தில் வேலி உயரத்துக்குக் கட்டினார்கள். குசினி வாசலின் இரண்டு பக்கமும் கட்டினார்கள். ஒரு குண்டு வெளியே போனாலோ தெறித்துத் திரும்பினாலோ விரிப்பில் துளை விழும். ஒழுங்கையின் வாயில் அருள்நேசன் சுவாமி நின்று, வந்த பிள்ளைகளை மற்றப் பாதையால் அனுப்பிக்கொண்டிருந்தார். பத்மநாதன் அண்ணையும் வேதவல்லி அக்காவும் குசினிக்குள் நின்று ஜன்னலால் பார்த்தார்கள்.

டெனிஸ் சுட்டார். றோஸ்மலர் சுட்டாள். சத்தமெல்லாம் தலையணையில் குத்தினதுபோல மொத்தென்று கேட்டது. விரிப்புகளைச் சுற்றிவந்து பார்த்தார்கள். ஒரு துளையும் இல்லை. டெனிஸ் சூசைதாசனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஆனால் பத்மநாதன் அண்ணை ஜன்னலால் தலையை நீட்டினார்.

"இதிலை ஒரு ஞாயம் இல்லை. சுடத் தெரிஞ்ச ரெண்டு பேர் நடுவிலை சுட்டுப்போட்டுச் சரி எண்டா எப்பிடி? நடுவிலை சுடுற ஆளுக்கு ஏன் இவ்வளவு மூட்டை? சுடவே தெரியாத ஆள் ஒண்டு சுடவேணும்."

அவர் சொன்னது முழுக்கச் சரி. அது சரியென்று முதலில் விளங்கினது சூசைதாசனுக்குத்தான். எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கடைசியில் எல்லோருடைய பார்வையும் வந்து அவன்மேல் நின்றது.

"வேண்டாம்," என்றாள் றோஸ்மலர் உடனே. "அவர் துவக்குத் தொடமாட்டார். வேறை ஆரையும் கூப்பிடுவம்."

சூசைதாசன் மூட்டைச் சுவரைப் பார்த்தான். ஒவ்வொரு மூட்டையும் அவனுக்கு முகம் தெரிந்த மூட்டை. வேறொருவன் வந்து சுட்டு, ஏதும் பிழைத்தால் அது யாருடைய பிழை?

"தாரும்," என்று கையை நீட்டினான்.

துவக்கு அவன் நினைத்ததைவிடக் குளிர்ந்திருந்தது. சோதனைச்சாவடிகளில் இதன் மற்றப் பக்கத்தைத்தான் அவன் பார்த்திருக்கிறான். டெனிஸ் பக்கத்தில் ஒட்டி நின்று, குழாய் தடுப்பை விட்டு வெளியே திரும்பாதபடி கையை அணைத்துக்கொண்டார். றோஸ்மலர் மற்றப் பக்கம் வந்து நின்றாள். குறி வை, மூச்சை அடக்கு, மெதுவாக இழு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் குறி வைத்தான். மூச்சை அடக்கினான். கடைசி நேரத்தில் இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டு இழுத்துவிட்டான்.

டப்.

கடதாசியில் படவில்லை. பெட்டியிலும் படவில்லை. இடப்பக்கம், வேதவல்லி அக்காவின் கண்ணாடிக் கொட்டில் இருக்கிற பக்கம், மூட்டைச் சுவரில் மெல்லிசாகத் தூசி ஒன்று கிளம்பியது. குசினிக்குள் வேதவல்லி அக்கா முகத்தைப் பொத்திக்கொண்டார். கண்ணாடி உடைகிற சத்தத்துக்காக எல்லோரும் காத்து நின்றார்கள்.

ஒரு சத்தமும் வரவில்லை.

டெனிஸ் துவக்கை வாங்கி வைத்தார். சூசைதாசன் ஓடிப்போய்ப் பார்த்தான். சணல் சாக்கில் மிளகளவு துளை. அதிலிருந்து மண் ஒரு நூல் மாதிரி ஒழுகிக்கொண்டிருந்தது. பின்னால் கட்டின விரிப்பு பால்வெள்ளையாக அப்படியே கிடந்தது.

"பிழைச்சுப் போச்சு!" என்று அவன் கத்தினான். "இஞ்சை பாரும், எவ்வளவு பிழையாச் சுட்டிருக்கிறன்! ஒண்டும் ஆகேல்லை!"

குறி தவறினதற்கு இப்படித் துள்ளின ஆளை டெனிஸ் தன் வாழ்நாளில் கண்டதில்லையாம். சூசைதாசனுக்கு அதோடு போதவில்லை. திரும்பி வந்து, வலப்பக்கச் சுவருக்கும் ஒருக்கால் பார்க்கவேணும், மேற்கூரைக்கும் பார்க்கவேணும் என்று துவக்கைக் கேட்டான். இப்போது கண்ணைத் திறந்துகொண்டே பிழையாகச் சுட்டான். எல்லாவற்றையும் சுவர் விழுங்கிக்கொண்டது. பத்மநாதன் அண்ணை வெளியே வந்து மூட்டையில் தட்டிப் பார்த்து, "காணும் தம்பி, காணும்" என்றார்.

றோஸ்மலர் கணவனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "அவர் சொன்னாப் போதாது. நீங்கள் சொல்லுங்கோ."

சூசைதாசன் சுவரை ஒருதரம் சுற்றிவந்தான். மூட்டை ஒன்றைக் கையால் அமத்தினான். மேலே பார்த்தான். அவனுடைய வாயிலிருந்து அந்தச் சொல் வர நேரம் எடுத்தது.

"இது காணும்," என்றான்.

அதற்குப் பிறகு வால்தம்ஸ்டோவில் அந்த வளவு மாதிரி ஒழுங்கான வளவு இல்லை என்றே சொல்லவேணும். சுடுகிற நேரம் வேலியில் சிவப்புத் துணி தொங்கும். துணியைக் கண்டால் பத்மநாதன் அண்ணை கொட்டிலுக்குள் போகமாட்டார். ஒழுங்கைப் பக்கக் கதவுக்கு உள்ளால் தாழ்ப்பாள். துவக்குக் கீழே வைபடும்வரை ஒருவரும் முன்னுக்கு அடி வைக்கக் கூடாது. ஈயம் தொட்ட கையைக் கழுவாமல் குசினிக்குள் வரக் கூடாது. மாதத்துக்கொருதரம் சூசைதாசன் பேப்பர்களை மாற்றி, தகட்டின் அடியிலே விழுந்த குண்டுகளைப் பொறுக்கி, ஓட்டை விழுந்த சாக்குக்குப் புதுச் சாக்கு மாற்றுவான். றோஸ்மலர் வேலைவிட்டு வந்து தேத்தண்ணி குடித்துவிட்டு, இருட்டுகிற வரைக்கும் பழகுவாள். முதலில் ஒவ்வொரு சத்தத்துக்கும் சூசைதாசனின் தோள் தூக்கிப்போட்டது. பிறகு அவன் வெங்காயம் வெட்டிக்கொண்டே கேட்கத் தொடங்கினான்.

அடுத்த வருஷம் வசந்த காலத்தில் கிளப்புக்குச் சட்டன் என்கிற இடத்தில் ஒரு போட்டி. லண்டனின் மறுகோடித் தொங்கலுக்கு, டெனிஸின் வான் வண்டியில், ஆட்டிறைச்சி ரோல்ஸ் ஒரு பெட்டியோடு எல்லோரும் போனார்கள். போய் இறங்கினதும் மற்றவர்கள் துவக்குகளை எடுத்துத் துடைக்க, சூசைதாசன் நேரே சட்டன் கிளப் தலைவரிடம் போனான்.

"உங்கள் தடுப்பைப் பார்க்கலாமா?"

தலைவர் நல்ல மனிதர். கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். சூசைதாசன் தட்டிப் பார்த்தான், குனிந்து பார்த்தான், பின்னால் போய் நின்று பார்த்தான், தகட்டின் சரிவில் கையை வைத்துப் பார்த்தான். போட்டி தொடங்கப் பத்து நிமிஷம் பிந்தியது. றோஸ்மலர் வாசலில் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன மாதிரி?" என்று கேட்டாள் அவன் வந்ததும்.

"ஒரு பிழையும் இல்லை," என்றான் சூசைதாசன். குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது. "நல்லாக் கட்டியிருக்கிறாங்கள். நீர் சுடும்."

அவள் சுட்டாள். அன்றைக்குச் சுட்ட அத்தனை பேருக்குள்ளும் அவள் மூன்றாவதாக வந்தாள். பெண்களுக்குள் முதலாவது. சட்டன் தலைவர் பெயரை வாசிக்க மூன்று தரம் முயன்று, கடைசியில் "மிசஸ் ரோஸ்" என்று முடித்தார். கைதட்டினவர்களுக்குள் பலமாகத் தட்டினது பின்வரிசையில் இருந்த சூசைதாசன்தான். போட்டி முழுக்க அவன் கண்ணைத் திறந்தபடிதான் இருந்தான். பக்கத்தில் இருந்த சட்டன் கிழவர் ஒருவருக்கு ரோல்ஸ் ஒன்றைக் கொடுத்து, மண்ணை ஏன் அரிக்கவேணும், சாக்கு ஏன் சணலாக இருக்கவேணும் என்று விளங்கப்படுத்திக்கொண்டிருந்தான். கிழவர் இரண்டாவது ரோல்ஸுக்குக் கையை நீட்டியபடி, தன்னுடைய வளவையும் ஒருநாள் வந்து பார்க்க ஏலுமோ என்று கேட்டார்.